தளர்ச்சியும் பயிற்சியும்

காவிரியாறு பல கிளைகளாகப் பிரிந்து கடலிற் கலக்கும் நிலப்பரப்பில் அமைந்த ஊர் காரைக்கால். கிழக்கே கடலும், ஏனைய மூன்று திசைகளிலும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ்ந்திருக்க, அது புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதியின் ஒரு கூறாய் விளங்குகின்றது. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவோடு சேர்ந்த ஊர் அது. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு முதலியவை அதன் வயல்களுக்கு நீரூட்டுகின்றன. எனினும் அவ்வூர் உழவர் தம் நிலத்தைக் ‘கடைமடை’ என்றே கூறுவர். 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையிலிருந்து புறப்படும் நீர், எத்தனையோ மதகுகளையும் வாய்க்கால்களையும் கடந்து, இறுதியில் வந்து சேரும் இடம் அதுவே. அணை நிறைந்த ஆண்டில் கடைமடையும் செழிக்கும். அணை வற்றிய ஆண்டில் முதற்கண் வாடுவதும் கடைமடையே.

நீர் குறைந்த ஆண்டில் கடைமடை உழவர் செய்வது யாது? நிலத்தை வெறுத்து அவர் ஊரைவிட்டு ஓடுவதில்லை. நிறைந்த ஆண்டிற்போல எல்லா வயலிலும் நட்டுவிட்டு, நட்டதனைத்தையும் கருகவிடுவதும் இல்லை. நீர் எங்கே தடைப்படுகின்றது என்று வாய்க்காலோரம் நடந்து பார்க்கின்றார், தூரினை வாருகின்றார், உடைந்த வரப்பை அடைக்கின்றார். வந்த நீரை முறைவைத்துப் பாய்ச்சுகின்றார். குறைந்த நாளில் விளையும் நெல்லைத் தேர்ந்து, இயன்ற அளவு நிலத்தில் இடுகின்றார். நீரின் அளவறிந்து வேளாண்மை செய்வதே கடைமடையின் கலையாகும்.

மாணவர்களே! நம் உடம்பும் அத்தகையதொரு நன்செய் நிலமே. கைகால்கள் அதன் கடைமடை. உணவும் உறக்கமும் நல்ல குருதியும் நிறைந்துள்ளபோது கைகால்கள் ஏவிய வேலையைச் செய்கின்றன. அவை குறைந்தபோது கை நடுங்குகின்றது, கால் துவள்கின்றது, மனம் சோர்கின்றது. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழுதல் போன்று, தன் உடற்சுமையைத் தானே தாங்கிச் செய்யும் பயிற்சிகளில் இறங்குவோர் பலர், இத்தளர்ச்சியைக் கண்டே பாதியில் பயிற்சியைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் தளர்ச்சியைப் பொருட்படுத்தாது உடம்பை வருத்தி நோய்க்கு ஆளாகின்றனர். இவ்விரண்டும் தவறு. தளர்ச்சி வந்தவிடத்து என்ன செய்யவேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இதனை எழுதுவதற்கு எனக்கு ஒரு கடப்பாடும் உண்டு. 1994ஆம் ஆண்டு, ஐப்பசித் திங்கள். நான் அப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் விடுப்பிற் சென்றிருந்தமையால், ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் காலையில் பயிற்சி செய்விக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இளமையில் சிலம்பக்கூடத்தில் பழகியவன் என்ற செருக்கு எனக்குச் சிறிது இருந்தது. “ஒவ்வொருவரும் பதினைந்து தண்டால்” என்று ஆணையிட்டேன். மூன்றாவது தண்டாலில் ஒரு சிறுவனுடைய கைகள் நடுங்கின. நான்காவதில் அவன் மார்பு மண்ணில் பட்டது. மற்ற மாணவர் சிரித்தனர். “சோம்பேறி! எழுந்திரு” என்றேன் நான். அவன் ஒன்றும் பேசாது மீண்டும் கையை ஊன்றினான். ஊன்றியவன் மயங்கிக் கீழே சாய்ந்தான்.

முகத்தில் நீர் தெளித்து அவனை நிழலிற் கிடத்தினோம். சிறிது நேரத்தில் கண் விழித்தான். “தம்பி, காலையில் என்ன உண்டாய்?” என்று வினவினேன். “ஒன்றும் இல்லை, ஐயா” என்றான். துருவிக் கேட்டபின்னரே உண்மை வெளிவந்தது. அவன் தந்தை மீன்பிடி தொழிலாளி. மழைக்காலத்துக் கடல் சீற்றத்தால் சில நாட்களாகப் படகுகள் கரையிலேயே கிடந்தன. முந்திய நாள் நண்பகலில் உண்டவன், இரவில் இருந்த சிறிது சோற்றைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்திருக்கின்றான். பின்னர் மருத்துவமனையில் ஆய்ந்தபோது, அவனுக்கு இரத்தச் சோகையும் கொக்கிப்புழுவும் இருப்பது தெரியவந்தது. பசித்தும் பங்கிட்டு உண்ணக் கொடுத்த பிள்ளையைச் சோம்பேறி என்ற என் சொல்லை நான் திரும்பப் பெற இயலவில்லை. தளர்ந்தவனைக் கண்டால் முதலில் காரணத்தை வினவவேண்டும், பழித்தல் கூடாது என்னும் பாடத்தை அன்று நான் அம்மாணவனிடமிருந்து கற்றேன்.

தளர்ச்சியின் காரணத்தை அறியவேண்டுமானால், வலிமை பிறக்கும் வகையை முதலில் அறிதல் வேண்டும். தசை சுருங்கி விரிவதனாலேயே கைகால்கள் இயங்குகின்றன. தசைக்கு வேண்டும் எரிபொருள் நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கின்றது. சோறு, களி, கிழங்கு முதலியவற்றிலுள்ள மாவுப்பொருள், கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படுகின்றது. இரவு முழுதும் உண்ணாதிருந்தால் கல்லீரலில் உள்ள சேமிப்பு மிகவும் குறைந்துவிடும். எரிபொருள் எரிவதற்குக் காற்றிலுள்ள உயிர்வளி வேண்டும். அதனை நுரையீரலிலிருந்து தசைக்குச் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள். அதனை ஆக்குவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. ஆகவே, உணவு குறைந்தாலும் தளர்ச்சி. இரும்புச்சத்துக் குறைந்தாலும் தளர்ச்சி. அணையில் நீர் இல்லையாயினும், வாய்க்கால் தூர்ந்திருந்தாலும், கடைமடை வாடுதல் ஒன்றே அன்றோ?

இனி, நாம் ஏற்கும் சுமையின் அளவையும் அறிதல் நலம். தண்டால் எடுப்பவன் கையில் எடைக்கல் ஒன்றும் இல்லை. எனவே அஃது எளிய பயிற்சி என்று பலர் கருதுகின்றனர். அளந்து கண்டோர் வேறு கூறுவர். கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி நிற்கும் நிலையில், உடல் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பங்கு கைகளின்மேல் விழுகின்றது. 45 கிலோ எடையுள்ள மாணவன் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 29 கிலோவை மேலே தள்ளுகின்றான் என்பது இதனால் விளங்கும். முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் அச்சுமை உடல் எடையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. இரண்டடி உயரமுள்ள திண்ணையில் கைகளை ஊன்றிச் செய்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பங்கே கைகளுக்கு வருகின்றது. அம்மாணவனுக்கு அது 18 கிலோ அளவேயாகும். சுவரில் கை வைத்துச் செய்தால் சுமை மேலும் குறையும். எனவே, உடற்சுமைப் பயிற்சியில் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது என்பது பிழை. கை ஊன்றும் இடத்தின் உயரத்தை மாற்றினால் சுமையும் மாறும்.

தளர்ச்சியின் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது பசி. பசித்த பிள்ளைக்குப் பாடமும் ஏறாது; பயிற்சியும் பயன் தராது. இதனை உணர்ந்தே, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியினர் 1930ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திட்டத்தைத் தொடங்கினர். சென்னை மாநிலத்தில் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக நடைமுறைப்படுத்தினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 2022இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பள்ளியில் உண்பதற்கு எவரும் நாணவேண்டுவதில்லை. பசியை மறைத்துப் பயிற்சிக்கு வருவதே கேடு பயக்கும்.

பயிற்சிக்கு முன் வயிறு முற்றும் வெறுமையாதலும் கூடாது, நிறைந்திருத்தலும் கூடாது. முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்ணுமாறு, மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துகின்றார். வயிறார உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்க. விடியற்காலையில் செய்வோர் ஒரு வாழைப்பழமோ, சிறிது நீராகாரமோ அருந்திச் செய்யலாம். பயிற்சிக்குப் பின் சோற்றோடு பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றுள் இயன்றதைச் சேர்த்து உண்க. உழைத்த தசையைச் செப்பனிடுவதற்குப் புரதம் வேண்டும். காரைக்கால் கரையில் கிடைக்கும் மத்தி மீனும், வீட்டுப் பானையில் முளைகட்டிய பச்சைப்பயறும் தரும் புரதத்திற்காக எவரும் விலையுயர்ந்த மாவுப் புட்டிகளைத் தேடவேண்டுவதில்லை.

இரண்டாவது காரணம் இரத்தச் சோகை. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேரும், அவ்வயதுடைய ஆண்களில் நூற்றுக்கு 31 பேரும் இரத்தச் சோகை உடையவர். மாதந்தோறும் குருதி இழத்தலால் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும். ஆகவே, ‘பெண்ணுக்கு வலிமை இயல்பாகவே குறைவு’ என்று கூறித் தளர்ந்த மாணவியை ஒதுக்கிவிடுதல் அறியாமையாகும். அவள் குருதியை ஆய்ந்து பார்க்கச் செய்தலே அறிவுடைமை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறையலாகாது என்பது உலகநல அமைப்பு வகுத்த அளவு. கண் இமையின் உட்புறம் வெளுத்தல், படி ஏறினால் மூச்சு வாங்குதல், எளிய வேலைக்கும் நெஞ்சு படபடத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு, மீன், ஈரல் முதலியவற்றில் இரும்புச்சத்து உண்டு. கீரையோடும் பயற்றோடும் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றுள் ஒன்றைச் சேர்த்து உண்டால் அச்சத்து உடம்பில் நன்கு சேரும். உணவோடு தேநீரும் காப்பியும் அருந்தினால் சேர்வது குறையும். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் பாதத்தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உட்புகும். குடலைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சும். வயலும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் செருப்பணிதல் நாகரிகத்திற்காக மட்டுமன்று, நலத்திற்காகவும் வேண்டும். பள்ளிகளில் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு நீக்கும் மாத்திரையையும் சிலர் சன்னலுக்கு வெளியே எறிகின்றனர். அவர்கள் எறிவது தம் கைகளுக்கு வரவேண்டிய வலிமையையேயாம்.

மூன்றாவது காரணம் உறக்கக் குறைவு. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். தசை உழைக்கும்போது வளர்வதில்லை. உழைத்தபின் ஓய்ந்திருக்கும்போதே சீர்பட்டு வளர்கின்றது. நள்ளிரவு வரை கைப்பேசியை நோக்கியிருந்துவிட்டு, விடியற்காலையில் தண்டால் எடுப்பவன், பகலில் வரப்புக் கட்டி இரவில் அதனை வெட்டிவிடுபவனை ஒப்பான்.

நான்காவது காரணம் வெப்பம். காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் வியர்வை வழிகின்றதே அன்றி விரைவில் உலர்வதில்லை. ஆதலால் உடம்பின் சூடு தணிவதில்லை. சித்திரை, வைகாசித் திங்களில் நண்பகற் பயிற்சியை அறவே தவிர்க்க. கதிரவன் எழும்பொழுதில், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் பயில்க. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுவதால், உப்பிட்ட நீர்மோரோ நீராகாரமோ அருந்துக.

ஐந்தாவது காரணம் அளவு மீறிய உழைப்பு. ஒரே நாளில் வலியவனாக எண்ணி, முதல் நாளில் ஐம்பது பஸ்கி போட்டவன் மறுநாள் படி இறங்கமாட்டாது தவிப்பான். பழகாத உழைப்பால் வரும் அவ்வலி ஒன்று முதல் மூன்று நாட்களில் மிகுந்து, பின் தானே தணியும். அது அஞ்சத்தக்கதன்று, ஆயினும் அது தணியுமுன் அத்தசைக்கே கடும்பயிற்சி தருதல் கூடாது. ஆறாவது காரணம் நோய். காய்ச்சலுள்ளபோது பயிற்சி வேண்டா. காய்ச்சல் விட்டபின்னும் சில நாட்கள் நடையோடு நிறுத்தி, பிறகு பழைய அளவிற் பாதியிலிருந்து தொடங்குக. மார்பு வலி, மயக்கம், ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு முட்டல், காரணமின்றி எடை குறைதல், வாரக்கணக்கில் நீங்காத சோர்வு ஆகியவை தோன்றின், பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உடனே கூறி மருத்துவரை நாடுக. இவற்றை மறைத்தல் வீரம் ஆகாது.

‘தளர்ச்சி வேறு, சோம்பல் வேறு, இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது?’ என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பத்து நிமிடம் மெல்ல நடந்து, கைகால்களை மெதுவாக வீசிப் பாருங்கள். அதன்பின் உடல் இலேசாகி ஊக்கம் பிறந்தால், முன்பிருந்தது சோம்பலே, பயிற்சியைத் தொடருங்கள். கை நடுக்கமோ, தலைச்சுற்றலோ, கனமோ மிகுந்தால் அது மெய்யான தளர்ச்சி, அன்று நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பு பொய் சொல்வதில்லை. நாம்தான் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

தளர்ந்தவர் பயிலும் முறை இதுவாகும். முதற்படி சுவர்த் தண்டால். சுவருக்கு முன் ஓர் அடி எடுத்துவைக்கும் தொலைவில் நின்று, தோளுயரத்தில் கைகளை வைத்து, உடலை நேராகச் சாய்த்து எழுக. எளிதாகப் பத்து முறை செய்ய இயன்றபின் திண்ணைக்கு வருக. அதன்பின் முழங்கால் ஊன்றிச் செய்க. அதன்பின்னரே முழுத் தண்டால். பஸ்கியும் அவ்வாறே. முதலில் திண்ணையில் அமர்ந்து எழுக; பின் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுக; பிறகு பிடியை விடுக. கம்பியில் எழ இயலாதவன் பத்து நொடி தொங்கப் பழகுக; பின்னர்க் கால் தரையில் படும் தாழ்ந்த கம்பியில் இழுத்துப் பழகுக.

ஒவ்வொரு முறையும், இன்னும் இரண்டு செய்ய இயலும் என்னும் நிலையிலேயே நிறுத்துக. அந்த இரண்டும் நாளைக்கென வைத்த விதைநெல். ஓர் அடுக்கு முடிந்தபின் இரண்டு நிமிடம் இளைப்பாறுக. மூச்சை அடக்காது, தாழும்போது உள்ளிழுத்து எழும்போது வெளிவிடுக. ஒரே தசைக்கு நாள்தோறும் கடும் வேலை தராது, ஒருநாள் விட்டு ஒருநாள் பயில்க. உலகநல அமைப்பும், வளரும் பிள்ளைகள் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியாடவேண்டும் என்றும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளேனும் செய்யவேண்டும் என்றும் கூறுகின்றது. தளர்ந்த நாளில் பாதி அளவு செய்க. மிகத் தளர்ந்த நாளில் நடை மட்டும் போதும். இதுவே உடம்பின் முறைப்பாசனம்.

கடற்கரையில் கரைவலை இழுப்போரைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட வடத்தை அவர்கள் ஒரே மூச்சில் இழுப்பதில்லை. குரல் எழுப்பி ஒன்றாக இழுப்பர், கால் பதித்துச் சிறிது நிற்பர், மீண்டும் இழுப்பர். இழுப்பும் நிற்பும் மாறி மாறி வருவதாலேயே அத்தனை பெரிய வலை கரை சேர்கின்றது. நிற்றலும் அவர் தொழிலின் ஒரு பகுதியே.

பண்டைத் தமிழர் உடல் வலிமையைப் போற்றினர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். கிரேக்கரும் அவ்வாறே போற்றினர். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைலோ என்னும் மல்லன், ஓர் இளங்கன்றை நாள்தோறும் தோளில் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, இறுதியில் முழுக்காளையையே சுமந்தான் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. சிறிது சிறிதாகச் சுமையைக் கூட்டவேண்டும் என்பது அக்கதையின் கருத்து. அது முற்றும் உண்மை. ஆயினும் கதையில் வரும் கன்றுபோல, நம் ஆற்றல் நாள்தோறும் தவறாது வளர்வதில்லை. ஒருநாள் ஏறும், ஒருநாள் நிற்கும், ஒருநாள் இறங்கும். திங்கள் கணக்கில் நோக்கினாலே ஏற்றம் புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ஜார்ஜ் எபேர் என்பவர், நடத்தல், ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், தூக்குதல், நீந்துதல் ஆகிய இயற்கை இயக்கங்களைக் கொண்டே ஒரு பயிற்சி முறையை வகுத்தார். பிறருக்குப் பயன்படுவதற்கே ஒருவன் வலிமை பெறவேண்டும் என்பது அவர் கொள்கை. காரைக்கால் மக்களுக்கு இதன் உண்மை நன்கு விளங்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டுசென்றது. அத்தகைய நாளில் ஒரு குழந்தையைத் தூக்கி ஓடவும், ஒரு மூதாட்டியைத் தாங்கி மேட்டில் ஏற்றவும் கைகால்களுக்கு வலு வேண்டும். உடல் வலிமை பிறர் வியக்கக் காட்டும் காட்சிப் பொருள் அன்று. பிறர் இடருக்கு உதவும் கருவியாகும். அக்கருவியை நாமே வீணாக முறித்துக்கொள்ளலாமா?

இனி, அச்சிறுவனைப் பற்றிக் கூறி முடிக்கின்றேன். மருத்துவர் தந்த மாத்திரையை அவன் தவறாது உண்டான். அவன் அன்னையார் முருங்கைக்கீரையையும் கிடைத்த மீனையும் சமைத்துக் கொடுத்தார். பள்ளிச் சுவரில் கை வைத்து அவன் தன் முதல் தண்டாலை எடுத்தபோது, அவனுக்கு அருகில் நின்று நானும் சுவர்த் தண்டாலே எடுத்தேன். அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. மார்கழியில் அவன் திண்ணைக்கு வந்தான். தை மாதத்தில் காய்ச்சல் கண்டு பத்து நாள் படுத்தான். திரும்பி வந்தவன், “ஐயா, முன்பு எட்டு எடுத்தேன், இப்போது நான்குதான் முடிகிறது. செய்ததெல்லாம் வீணாயிற்றா?” என்று கண் கலங்கக் கேட்டான்.

“தம்பி, வாய்க்காலில் நீர் நின்றதால் வயல் கட்டாந்தரையாகிவிடுமா? வரப்பு இருக்கின்றது, உழுத மண் இருக்கின்றது. நீர் வந்தால் மீண்டும் பச்சை பிடிக்கும். இன்று நான்கே போதும்” என்றேன். பங்குனித் திங்களில், தரையில் கை ஊன்றி முழுத் தண்டால் பன்னிரண்டு எடுத்தான். அவன் பதினைந்தை எட்டுமுன்னரே ஆண்டிறுதித் தேர்வு வந்துவிட்டது. நான் முதல் நாள் கேட்ட பதினைந்தை அவனிடம் மீண்டும் கேட்கவில்லை. அவனும் பன்னிரண்டோடு மனநிறைவு கொண்டான்.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் மூன்றாவது தண்டாலில் கை நடுங்குபவர் இருப்பர்; ஒருகால் அவர் நீங்களாகவும் இருக்கலாம். நடுக்கம் கண்டு நாணாதீர்கள். நடுங்குபவரைக் கண்டு நகையாதீர்கள். உண்டாயா, உறங்கினாயா, உடல் நலமா என்று முதலில் கேளுங்கள். காரணம் அறிந்து களையுங்கள். சுமையைக் குறைத்துத் தொடங்குங்கள், தொடங்கியதை விடாதீர்கள். கடைமடைக்கும் ஒருநாள் நீர் வரும். வரும் நீரைத் தேக்கிக்கொள்ள வரப்பைக் கட்டி வைத்திருப்பது நம் கடமை.